சதுப்பு ஆர்க்கிட்டை நம்ம வயலில் வளர்க்கலாமா?

ஹேமர்பியா பலுடோசா என்ற சதுப்பு ஆர்க்கிட் பற்றிப் படத்தோடு சொன்னதும் டெல்டா பக்கத்திலிருந்து நிறையக் கேள்விகள். முடிந்தவற்றுக்குப் பதில் இதோ.

கும்பகோணம்: சார், படத்தில் பச்சைக் குச்சிதான் தெரிகிறது. பூ எங்கே?

அந்தக் குச்சியில் ஒட்டியிருப்பதெல்லாம் பூதான்! செடி பெரும்பாலும் ஒரு விரல் உயரம், பூ நெல்மணியைவிடச் சின்னது, அதுவும் மஞ்சள் கலந்த பச்சை என்பதால் பாசிக்கு நடுவே மண்டியிட்டுத் தேடினாலும் தப்பிவிடும். மற்ற ஆர்க்கிட் பூக்கள் பெரும்பாலும் அரைச் சுற்று முறுக்கி உதடு போன்ற இதழைக் கீழே கொண்டுவரும்; இது முழுச் சுற்று முறுக்கி மறுபடி மேலேயே வைத்துக்கொள்ளும். டார்வின் 1862-லேயே இதை எழுதிவிட்டார். இலை நுனியை லென்ஸில் பார்த்தால் ஓரத்தில் பொடிப்பொடியாக மொட்டுகள் இருக்கும், உதிர்ந்து தனிச் செடியாக முளைப்பவை.

பாபநாசம்: எங்கள் வயலும் பாதி வருஷம் சேறுதான். விதை கிடைத்தால் போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். காவிரி வண்டல் சத்தான மண், இதற்குச் சத்தே ஆகாது. ஐரோப்பாவின் வடக்கு, ரஷ்யா, கனடா மாதிரி குளிர்ந்த இடங்களில், ஸ்பேக்னம் பாசி முழுசாக மட்காமல் சேர்ந்த புளிப்பான பீட் சதுப்பில் வாழ்கிற செடி. விதை தூசி மாதிரி, உள்ளே சாப்பாடு கிடையாது, அங்குள்ள பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும்.

திருவாரூர்: யாராவது பிடுங்கி விற்கிறார்களா? ஏன் குறைகிறது?

பிடுங்குவதைவிடப் பெரிய வில்லன் வடிகால். விவசாயத்துக்கும் மரம் வளர்ப்புக்கும் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை இறக்கியதில் இங்கிலாந்தில் பல இடங்களில் இல்லாமலே போய்விட்டது. பீட் வருஷத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் சேரும், காய்ந்தால் மளமளவென்று கரைந்துவிடும். நமக்குத் தண்ணீர் வருவதற்குள் தூர் வாரியாக வேண்டும், அங்கே வெட்டிய வாய்க்காலைத் தூர்ப்பதுதான் வைத்தியம். செடியைப் பெயர்த்துத் தொட்டியில் வைத்தெல்லாம் காப்பாற்ற முடியாது.

பட்டுக்கோட்டை: நர்சரி வைத்திருக்கிறேன். நான் என்ன செய்யலாம்?

பீட் மாஸ் மூட்டை வாங்காதீர்கள், அது இப்படிப்பட்ட சதுப்பைச் சுரண்டி எடுத்தது. உங்கள் ஊரில் இல்லாத தென்னை நார்க்கழிவா? உப்பு போக நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் குழித்தட்டில் நிரப்புங்கள், நாற்று நன்றாகவே வரும்.

மயிலாடுதுறை: நம்ம சமவெளியில் ஆர்க்கிட்டே கிடையாதா?

ஏன் இல்லை? மாமரக் கிளையில் தடித்த வேரைத் தொங்கவிட்டு, மஞ்சளில் பழுப்புக் கட்டம் போட்ட பூ பூத்தால் அது வாண்டா டெசெல்லேட்டாவாக இருக்கலாம். மரத்தின் சாற்றை உறிஞ்சாது. புல்லுருவி என்று நினைத்து அரிவாளைத் தூக்கிவிடாதீர்கள்.