கும்பிட்டால் போதுமா?

அன்புள்ள ஐயா,

வேலைக்குப் போகும்போது தினமும் நிஜாமுதீன் பாலத்தில் யமுனையைக் கடக்கிறேன். ஆற்றையும் மரத்தையும் கும்பிடும் மதம் நம்முடையது. பைபிளோ பூமியை மனிதன் ஆளலாம் என்கிறது. அப்படியிருக்க, இயற்கையைக் காப்பது பற்றி மற்ற மதங்களிடம் நாம் கற்க என்ன இருக்கிறது? எங்கள் கோவில் கமிட்டியில் இதைப் பேசவிருக்கிறேன்.

ர., மயூர் விஹார், டெல்லி

அன்புள்ள ர.,

அந்தப் பாலத்தில் இரண்டு பக்கமும் கம்பிவலை எதற்கு? நம்மைப் போன்ற பக்தர்களுக்காகத்தான். அப்படியும் காரை ஓரம் கட்டி, வாடின மாலை, பழைய சாமி படம், ஊதுபத்தி டப்பா எல்லாவற்றையும் பாலித்தீன் பையில் முடிந்து வலைக்கு மேலே வீசுகிறார்கள். வீசிய கையோடு ஒரு கும்பிடு வேறு. 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் இதற்கு 5000 ரூபாய் அபராதம் விதிக்கச் சொன்னது. (யமுனையைக் கெடுத்ததில் மாலையின் பங்கு கொஞ்சம்தான், பெரும்பங்கு சாக்கடைக்கு. வட இந்தியர்களின் சட் பூஜை சமயத்தில் டெல்லியின் காளிந்தி குஞ்சில் மிதக்கும் வெள்ளை நுரை, சுத்திகரிக்காத கழிவுநீரும் சோப்புத்தூளும் சேர்ந்து செய்யும் வேலை.)

பைபிள் பற்றி நீங்கள் சொல்வதை 1967லேயே லின் வைட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் விரிவாக எழுதிவிட்டார். ஆனால் ‘பூமியைக் கீழ்ப்படுத்தி’ என்று சொல்லும் அதே ஆதியாகமம் (பைபிளின் முதல் புத்தகம்), அடுத்த அதிகாரத்தில் ஏதேன் தோட்டத்தைப் ‘பண்படுத்தவும் காக்கவும்’ மனிதனை வைத்ததாகச் சொல்கிறது. பைபிளின் இன்னொரு புத்தகமான உபாகமம், எதிரியின் நகரை முற்றுகையிடும்போதுகூடப் பழமரத்தை வெட்டாதே என்கிறது. ஓடும் ஆற்றின் கரையிலேயே உளூ (தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுவது) செய்தாலும் தண்ணீரை வீணாக்காதே என்று ஒரு ஹதீஸ், அதாவது நபிமொழி. நல்ல வாக்கியத்துக்கு எந்த மதத்திலும் பஞ்சமில்லை. அதை வைத்து மார்க் போட்டால் எல்லோருமே பாஸ்.

எனக்கு முக்கியமாகப் படுவது, அன்றாடம் கையைக் கட்டிப்போடும் விதி எங்கே இருக்கிறது என்பதுதான். ராஜஸ்தானின் பிஷ்னோய் சமூகத்தாரைப் பாருங்கள். 15ஆம் நூற்றாண்டில் அவர்களின் குரு ஜாம்போஜி வகுத்தது 29 விதிகள். பச்சை மரத்தை வெட்டக்கூடாது என்பது அதில் ஒன்று. நாம் பிணத்தை விறகுக்கட்டை அடுக்கி எரிக்கிறோம். அவர்கள் இறந்தவர்களைப் புதைக்கிறார்கள், விறகு மிச்சம். 1730இல் ஜோத்பூர் மகாராஜா அபய் சிங்குக்கு அரண்மனை கட்டச் சுண்ணாம்பு சுட வேண்டியிருந்தது. விறகுக்காக ஆட்கள் கேஜர்லி கிராமத்துக்குப் போனார்கள். அம்ரிதா தேவி வன்னி மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரை விட்டார். அவரைத் தொடர்ந்து மொத்தம் 363 பேர் என்கிறார்கள். சேதி கேட்டதும் ராஜா வெட்டுவதை நிறுத்தச் சொன்னார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வெட்ட வந்தவர்களும் இந்துக்கள்தான். வன்னியைக் கும்பிடும் வழக்கம் அவர்களுக்கும் உண்டு, தசராவுக்கு ராஜபுத்திர அரண்மனைகளில் வன்னி பூஜை நடக்கும். பூஜை முடிந்தால் அவர்களுக்கு அது விறகு, பிஷ்னோய்க்கு எப்போதுமே மரம்.

அதனால் கமிட்டியில் எந்த மதம் உசத்தி என்று ஆரம்பிக்காதீர்கள், டீ ஆறும் வரை சண்டைதான் நடக்கும். இரண்டே விதி கேளுங்கள். பாலித்தீன் பையில் வரும் அர்ச்சனை சாமான் உள்ளே வரக்கூடாது. கழற்றிய மாலை கோவில் வளாகத்திலேயே உரக்குழிக்குப் போக வேண்டும். குழிக்கு இடமில்லை என்று யாராவது கட்டாயம் சொல்வார். அப்போது வாகன நிறுத்தத்தைக் காட்டுங்கள்.