மெஸ் கம்போஸ்ட் தொட்டி நாறுதா, மூடிடாதீங்க

தம்பி, மெஸ்ல மிஞ்சுற சோறு சாம்பார் கொட்டுற கம்போஸ்ட் தொட்டி நாறுது, வார்டன் மூடச் சொல்றாருன்னு எழுதியிருந்தீங்க. ஈரம் ஜாஸ்தியாகி உள்ள காத்து போகலன்னா அப்படித்தான் ஆகும், எங்க காலேஜ்லயும் கிளறினப்போ அடியில கறுப்பா கொழகொழன்னு அழுகின முட்டை வாடை. சாம்பார் ரசத்த முதல்ல வடிச்சிடுங்க, ஒரு பக்கெட் சோத்துக்கு ரெண்டு மூணு பக்கெட் காஞ்ச இலை போட்டு மூடுங்க, வாரம் ரெண்டு தடவ மண்வெட்டியால கிளறுங்க. கையில அள்ளிப் பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டுதான் வரணும், ஒழுகிச்சுன்னா இன்னும் இலை. கேம்பஸ்ல காஞ்ச இலையக் கூட்டிக் குமிச்சு எரிக்கிறாங்கன்னா, கூட்டுற அக்காங்ககிட்டயே கேட்டு வாங்கிக்கங்க, திடக்கழிவு மேலாண்மை விதிகள்லயே குப்பைய எரிக்கக்கூடாதுன்னு இருக்கு. கறி மீன் மட்டும் போடாதீங்க, எலி வரும். வார்டன்கிட்ட பத்து நாள் டைம் கேளுங்க.