மாடல் கிட்டுக்கு எந்தப் பசை? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1/72 அளவு ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடல் கிட்டை ஃபெவிக்விக் போட்டு ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் காக்பிட் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது, துடைத்தாலும் போகவில்லை. மாடலுக்கு எந்தப் பசைதான் வாங்குவது? (கோவை வாசகர்)

பதில்: கண்ணாடியைக் கெடுத்தது பசையின் ஆவி. ஃபெவிக்விக் மாதிரிப் பசைகள் சயனோஅக்ரிலேட் வகை, ஈரம் பட்டால் இறுகும். ஒட்டிய இடத்திலிருந்து கிளம்பும் ஆவி பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக்கின் மேல் படிந்து, காற்றின் ஈரத்தால் அங்கேயே வெள்ளையாக இறுகிவிடுகிறது. விமானத்தின் உடலுக்குள் ஆவி போக வழியில்லாமல் அடைபட்டால் இன்னும் மோசம். வெளிப்பக்கம் லேசாகப் படிந்திருந்தால் 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (மிக நுண்ணிய உப்புத்தாள்) நனைத்து மெதுவாகத் தேய்த்து, பாலிஷிங் காம்பவுண்ட் போட்டால் தெளிந்துவிடும். உள்பக்கம் என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும்.

இனிமேல் கண்ணாடி பாகங்களுக்கு ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையே போதும். படியும் ஆவி கிடையாது, மெல்லியதாகப் பூசினால் காய்ந்ததும் நிறம் தெரியாது, வழிந்தாலும் காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். பிடிப்பு குறைவுதான், ஆனால் காக்பிட் கண்ணாடி எந்த எடையையும் தாங்கப் போவதில்லையே.

உடல், இறக்கை எல்லாம் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக். அதற்கென்றே மாடல் சிமென்ட் இருக்கிறது, தயவுசெய்து அதை வாங்குங்கள். அது நடுவில் நின்று இரண்டு துண்டையும் பிடித்துக்கொள்ளும் பசை இல்லை. இரண்டு பக்கத்தையும் கொஞ்சம் கரைத்து, கலக்கவிட்டு, பிறகு தான் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது ஒரே துண்டு பிளாஸ்டிக். டமியா என்ற ஜப்பானிய மாடல் நிறுவனத்தின் பச்சை மூடி எக்ஸ்ட்ரா தின் சிமென்ட் தண்ணீர் மாதிரி இருக்கும், பாகங்களை முதலில் பொருத்திப் பிடித்துக்கொண்டு, பிரஷ் நுனியால் இடுக்கில் தொட்டால் அதுவே உள்ளே ஓடிவிடும். விரலை மட்டும் இடுக்கின் மேல் வைக்காதீர்கள், விரலுக்கு அடியிலும் ஓடி உங்கள் ரேகையைப் பிளாஸ்டிக்கில் பதித்துவிடும். அவர்களின் சாதாரண சிமென்ட் கெட்டியானது, பெரிய பாகங்களைப் பொருத்த அவகாசம் தரும். ஒட்டும் இடத்தில் பெயின்டோ குரோம் பூச்சோ இருந்தால் முதலில் சுரண்டிவிடுங்கள், உப்புத்தாள் போடுவதற்கு முன் 24 மணி நேரம் காயவிடுங்கள். பித்தளைத் தகடு, ரெசின் பாகங்களை சிமென்ட் கரைக்காது. அங்கேதான் சயனோஅக்ரிலேட்டுக்கோ அரால்டைட்டுக்கோ வேலை.

கேள்வி: ஏசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரவில் மாடல் செய்வேன். ஒரு மணி நேரத்தில் தலை வலிக்கிறது. சர்ஜிக்கல் மாஸ்க் போட்டும் குறையவில்லை. (சென்னை வாசகர்)

பதில்: குறையாது. அந்த மாஸ்க் தூசியைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியை விட்டுவிடும். நீங்கள் சுவாசிப்பது மாடல் சிமென்டிலிருந்து கிளம்பும் அசிட்டோனும் பியூட்டைல் அசிடேட்டும், சாதாரண ஏசி அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடுவதால் ஆவி வெளியே போவதில்லை. தலை வலித்தால் உடனே நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள், பொறுத்துக்கொண்டு முடித்துவிடலாம் என்று உட்காரவே உட்காராதீர்கள். மேசையை ஜன்னலோரம் போட்டு, காற்று உங்களைக் கடந்து வெளியே போகும்படி ஒரு டேபிள் ஃபேனை வையுங்கள். ஜன்னலே இல்லாத அறை என்றால் அங்கே சிமென்ட் வேண்டாம். கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் வைத்த ரெஸ்பிரேட்டர் உதவும், ஆனால் அதைப் போட்டாலும் ஜன்னல் திறந்தே இருக்கட்டும். தொட்டு முடித்ததும் பாட்டிலை மூடுங்கள். இன்னொன்று, சிமென்ட் சட்டென்று தீப்பிடிக்கும் திரவம், கொசுவர்த்தி, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் அந்த அறையில் எரியக் கூடாது.

கேள்வி: பத்து வயது மகன் கேட்கிறான் என்று கிட் வாங்கப் போகிறேன். விரல் ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது? (மதுரை வாசகி)

பதில்: முதல் கிட்டைப் பசையே தேவைப்படாத ஸ்னாப் வகையாக வாங்குங்கள் அம்மா. அழுத்தினாலே பாகங்கள் பொருந்திவிடும். பிறகு சிமென்டுக்கு வரும்போதும் நீங்கள் பக்கத்தில் இருங்கள். ஆரஞ்சுத் தோல் வாசனையுள்ள லிமோனின் சிமென்டின் நெடி மூக்கை அவ்வளவு தாக்காது, ஆனால் அதுவும் எரியும், சிலருக்குத் தோலில் அலர்ஜி தரும்.

ஃபெவிக்விக்கில் விரல் ஒட்டினால் பிய்க்காதீர்கள், தோல் உரிந்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மெதுவாக உருட்டிப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீர் விட்டுக் கழுவி, இமையை இழுத்துத் திறக்காமல் உடனே கண் மருத்துவரிடம் போங்கள். அசிட்டோன், நெயில் பாலிஷ் ரிமூவர் கண் பக்கமே போகக் கூடாது. அப்புறம், கொட்டிய ஃபெவிக்விக்கைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்க வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் கை சுடும் அளவுக்குச் சூடேறிப் புகைகூட வரும். பருத்திக் கையுறையும் அதனால் ஆகாது, நைட்ரைல் கையுறை போடுங்கள்.

கேள்வி: பழைய கிட்டில் வந்த சிப்பாய் பொம்மைகள் எந்தப் பசையிலும் ஒட்டவில்லை. (திருச்சி வாசகர்)

பதில்: வளைத்தால் வளைகிறதா? அப்படியானால் பெரும்பாலும் பாலிஎத்திலீன் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக். மாடல் சிமென்ட் அதைக் கரைக்காது, சயனோஅக்ரிலேட்டும் உரிந்து வந்துவிடும். சிறு துளை போட்டு மெல்லிய கம்பியைச் செருகி இணையுங்கள்.