பிராசஸர் மூடியின் ஓரத்தில் செம்பு, நடுவில் நிக்கல்: 400 உப்புத்தாளுக்கே திரும்புங்கள்

கணினி பிராசஸரின் உலோக மூடியை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்கியும் வெப்பநிலை இறங்கவில்லை என்கிறீர்கள். அந்த மூடி நிக்கல் பூசிய செம்பு. நடுவில் நிக்கல் பூச்சு மிச்சமிருக்கும்போதே 2000 தாளுக்கு (எண் கூடக்கூடத் தாள் நைசாகும்) மாறிவிட்டீர்கள், அதனால்தான் வெப்பநிலை இறங்கவில்லை. முழுப் பரப்பும் செம்பாகும்வரை 400-லேயே தேயுங்கள். பிறகு 800 போதும். வெப்பத்தைக் குறைப்பது சமதளம்தான், கண்ணாடிப் பளபளப்பு அல்ல.

மறுபடி தேய்க்கும் முன் ஒரு சோதனை. புது பிளேடின் விளிம்பை மூடி மேல் மூலைக்கு மூலை நிறுத்தி, பின்னால் டார்ச் அடியுங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் மூடி குழிந்திருக்கிறது. அது தேய்க்கத் தேயும். ஓரங்களில் கசிந்தால், விரல் அழுத்தத்தில் பிராசஸர் ஆடி விளிம்பு உருண்டுவிட்டது. பெரும்பாலும் தாளுக்கு அடியில் மரப்பலகையோ மவுஸ்பேடோ இருந்திருக்கும். தடித்த கண்ணாடி மேல் தாளை ஒட்டி, அழுத்தாமல் நேர்கோட்டில் இழுங்கள். 20 இழுப்புக்கு ஒருமுறை 90 டிகிரி திருப்புங்கள்.

கூலரின் அடிப்பகுதியையும் அதே பிளேடால் பாருங்கள். அது குவிந்திருந்தால் பிராசஸரை மட்டும் தட்டையாக்கிப் பெரிய பலன் இல்லை.

செம்புத் தூள் மின்சாரம் கடத்தும். பிராசஸரின் அடிப்பக்கத்தை மறைத்துவைத்துத் தேயுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே சாக்கெட்டில் வையுங்கள். மேலெழுத்து அழிந்தால் வாரன்டியும் போய்விடும்.