'அவரிஷஸ்' என்றால் வெறும் பேராசையா?

கேள்வி: வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன். 'கிரீடி' (greedy), 'அவரிஷஸ்' (avaricious) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் பேராசை என்றே பொருள் படித்தேன். "ஆறு வெள்ளைப் பணியாரம் தின்ற என் தம்பி அவரிஷஸ்" என்று எழுதினால் தவறு என்கிறார்கள். ஏன்?
வாசகி, தேவகோட்டை

பதில்: தவறுதான். உங்கள் தம்பி 'கிரீடி'. சாப்பாடு, பதவி, புகழ், பணம் என்று எதில் அளவு மீறினாலும் அந்தச் சொல் பொருந்தும். 'அவரிஷஸ்' பணத்தையும் சொத்தையும் விட்டு அவ்வளவாக நகராது. இன்னும் சேர்க்க வேண்டும், சேர்த்ததில் காலணாவும் வெளியே போகக் கூடாது என்று இரண்டும் கலந்த மனசு அது. திருக்குறளில் வரும் 'இவறல்' இதற்கு மிக நெருக்கம். பிறர் பொருள்மேல் கண் வைப்பது வேறு. அது 'கவட்டஸ்', வள்ளுவர் வெஃகாமை அதிகாரத்தில் கண்டிக்கும் குற்றம்.

கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை இந்தச் சொல் பார்ப்பதே இல்லை. காரைக்குடியில் செக்ரி என்ற மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த அழகப்பச் செட்டியார் பெருஞ்செல்வர். அவருக்கு இந்தச் சொல் ஒட்டவே ஒட்டாது. வட்டிக்குக் கொடுப்பதும் ஒரு தொழில்தான். அசலுக்கு மேல் பலமடங்கு வாங்கிய பிறகும் அடகு நகையைத் திருப்பித் தர மனசு வராதவரைத்தான் 'அவரிஷஸ்' என்கிறோம். இடிகிற பழைய வீட்டுக்காரரை மிரட்டி, பர்மா தேக்குத் தூண்களை அடிமாட்டு விலைக்குப் பெயர்த்துக்கொண்டு போகிறவருக்கு 'ரபேஷஸ்' இன்னும் பொருத்தம். பறிப்பது என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது.

'அவரிஷஸ்' மறக்காமல் இருக்க நம் 'அவா'வை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உறவு கிடையாது, ஒலி மட்டும் கைகொடுக்கும்.

எழுத்தில் பலர் சறுக்குவது 'சி' (c) வரவேண்டிய இடத்தில் 'டி' (t) போடுவதால். பெயர்ச்சொல் 'அவரிஸ்' 'சிஈ' என்று முடிகிறது. அந்த 'ஈ' போய் 'ஐஓயூஎஸ்' சேரும், 'சி' அப்படியே நிற்கும். 'மாலிஸ்' 'மலிஷஸ்' ஆவதும் இப்படித்தான். உச்சரிக்கும்போது பெயர்ச்சொல்லில் 'அ'வை அழுத்துங்கள், பெயரடையில் 'ரி'யை.

'கிரீடி'க்குப் பின் 'ஃபார்' போட்டு எதன்மேல் ஆசை என்று சொல்லலாம். 'அவரிஷஸ்' பெரும்பாலும் அப்படி எதையும் கேட்காமல் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும்: 'ஆன் அவரிஷஸ் மனிலெண்டர்'. உயிரொலியில் தொடங்குவதால் 'ஏ' அல்ல, 'ஆன்'.