ஜெர்மனியிலிருந்து ஒடுகத்தூருக்கு: அமேசான் பிரைம் தேவையா?

வணக்கம் தம்பி. மியூனிக்கில் ஏற்கெனவே அமேசான் பிரைம் சந்தா வைத்திருக்கிறீர்கள், அதை வைத்தே ஒடுகத்தூரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குப் பொருள் அனுப்பலாமா, இல்லை இந்தியாவில் தனியாக எடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

அது செல்லாது. ஜெர்மன் சந்தாவின் இலவச டெலிவரி இந்தியத் தளத்துக்கு வராது. அங்கிருந்தே பார்சல் போடலாம் என்று நினைத்தால் அதுவும் வீண்செலவு. பரிசுப் பொருளுக்கு இருந்த சுங்கவரிச் சலுகையை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள், உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும்தான் விலக்கு.

இந்தியப் பிரைம் ஆண்டுக்கு 1499 ரூபாய். மாதம் ஒன்றிரண்டு ஆர்டர்தான் என்றால் டெலிவரி கட்டணம் கொடுப்பதே லாபம். தீபாவளி மாதத்துக்கு மட்டும் 299 கட்டி எடுத்துக்கொள்ளுங்கள், போதும். அரிசி பருப்பெல்லாம் தெருக்கடை அண்ணாச்சியிடமே சொல்லிவிடலாம், ஜிபேயில் அனுப்பினால் வீட்டில் இறக்கிவிடுவார்.

சிக்கல் ஓடிபியில்தான். மிக்ஸி, போன் மாதிரி விலை கூடிய பொருளுக்கு அது கணக்கில் உள்ள எண்ணுக்கு வரும். இங்கே காலை பதினொன்றுக்கு டெலிவரி பையன் வாசலில் நிற்கும்போது குளிர்காலத்தில் உங்களுக்கு மணி ஆறரை. நீங்கள் தூக்கத்தில் இருப்பீர்கள், பொருள் திரும்பிப் போய்விடும். அதனால் கணக்கை அப்பாவின் எண்ணிலேயே தொடங்கிவிடுங்கள். முகவரியில் பக்கத்துக் கோயிலையோ பள்ளியையோ அடையாளமாகப் போடுங்கள். இல்லாவிட்டால், "மெயின் ரோட்டுக்கு வாங்க சார்" என்று போன் வரும், பாவம் பெரியவர்தான் நடக்க வேண்டும்.