குடியை விட்டப்புறமும் உடம்பைப் பத்தின பயம் ஏன் போக மாட்டேங்குது?

குடியை நிறுத்தி மாசக்கணக்கானாலும் வயிறு லேசா இழுத்தா லிவர் போச்சோ, நெஞ்சு படபடத்தா ஹார்ட் அட்டாக்கோன்னு மனசு ஓடுதே, அதுதான் இந்த பயம்.

காரணம் மூளைதான். மது மூளையை அமுக்கி மந்தமாக்கும், வருஷக்கணக்கா அமுக்குனா மூளையும் பதிலுக்கு தன் வேகத்தை ஏத்தி வச்சுக்கும், மது நின்னதும் ஏத்தின வேகம் மட்டும் மிச்சமா நிக்கும். கயிறு இழுக்கிறப்ப எதிராளி சட்டுனு விட்டா நாம தடுமாறுவோம்ல, அதே கதைதான். கை நடுக்கம், வியர்வை எல்லாம் பெரும்பாலும் முதல் வாரத்தோட அடங்கிடும், பதட்டமும் தூக்கக்கேடும் சில மாசம்கூட இழுக்கலாம். போதை தெளிஞ்சப்புறம் முன்னாடி கவனிக்காத சின்ன வலிகூட இப்ப பெருசா தெரியும்.

டாக்டர்கிட்ட குடிச்ச அளவை மறைக்காம சொல்லி (நிறைய பேர் பாதியாக்கிதான் சொல்றாங்க) ரத்த டெஸ்ட், ஸ்கேன் எடுத்துட்டு, அடுத்த செக்கப் எப்போன்னு கேட்டு வச்சுக்கோங்க, நடுவுல கூகுள் பக்கம் போகாதீங்க. மதுவால வந்த கொழுப்பு கல்லீரல் குடிக்காம இருந்தா சில வாரத்துலயே குறைய ஆரம்பிக்கும், தழும்பாகிப்போன சிரோசிஸ்தான் முழுசா திரும்பாது. மஞ்சள் காமாலை, ரத்த வாந்தி, வயிறு வீக்கம், நெஞ்சுவலி வந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

"விட்டதாலதான் உடம்பு கெட்டுச்சு, ஒரு பெக் போட்டா சரியாகும்"னு சொல்வாங்க, தப்பு, அந்த பெக் பதட்டத்தை சில மணி நேரம் அமுக்கும், இறங்கினதும் இன்னும் ஜாஸ்தியாதான் வரும்.